சான் ஹோசே மருத்துவ கஞ்சா கடை: கடைக்கு நான்கு நட்சத்திரம், விதி போட்டவர்களுக்கு இரண்டரை

முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு ஐந்தில் நான்கு. அந்தக் கடை எங்கே இருக்கணும், வாசலில் யார் நிற்கணும், பில்லில் எத்தனை வரி வரணும் என்று முடிவு செய்த நகர நிர்வாகங்களுக்கு ஐந்தில் இரண்டரை. கடையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி அந்தக் கடையின் குறையே இல்லை, கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் எந்த டிஸ்பென்சரிக்கு (கஞ்சாக் கடைக்கு இங்கே அதுதான் பெயர்) போனாலும் கிட்டத்தட்ட இதையேதான் பார்ப்பீர்கள்.

என் மாமியாருக்குப் போன வருஷம் கீமோ ஆரம்பித்தது. வாந்தி, குமட்டல், சோற்றைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற நிலை. வழக்கமான மாத்திரைகள் கொஞ்சம்தான் கேட்டன. புற்றுநோய் மருத்துவர், கலிபோர்னியாவில் கஞ்சா எண்ணெய் சட்டப்படி கிடைக்கிறது, முயன்று பார்க்கலாம், ஆனால் எங்கள் மருத்துவமனையில் அதற்குக் கடிதம் எழுதித் தர மாட்டோம் என்றார். முதலில் எனக்கு எரிச்சல்தான். அப்புறம் படித்துப் பார்த்தால், மத்திய அரசு 1970-இல் போட்ட சட்டத்தில் கஞ்சாவை முதல் அட்டவணையில், அதாவது மருத்துவப் பயன் இல்லாதவை என்ற பட்டியலில், வைத்ததால், இங்கே எந்த மருத்துவரும் அதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது, 'பரிந்துரை' மட்டும்தான் செய்யலாம், அந்த உரிமையையே 2002-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. இதில் வேடிக்கை, கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டிஎச்சியைச் செயற்கையாகச் செய்து மாத்திரையில் அடைத்ததை, இதே கீமோ குமட்டலுக்காக, மத்திய மருந்துத் துறை 1985-லேயே அங்கீகரித்துவிட்டது. அதை எந்த மருந்துக் கடையிலும் சீட்டைக் காட்டி வாங்கலாம். செடியிலிருந்து வந்தால்தான் தொழிற்பேட்டைக்கு வண்டி ஓட்டணும்.

தொழிற்பேட்டை என்று சும்மா சொல்லவில்லை. நாங்கள் இருப்பது சான் ஹோசேக்குப் பக்கத்து ஊரான சன்னிவேல். எல் கமினோ ரியலில் தோசைக்கும் ஃபில்டர் காபிக்கும் கடை கடையாக இருக்கிறது, ஆனால் கஞ்சா டிஸ்பென்சரி ஒன்றுகூடக் கிடையாது, நகரம் தடை செய்திருக்கிறது. பக்கத்துக் கூப்பர்டினோவிலும் தடை. 1996 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் 'ப்ரொபசிஷன் 215' என்ற மருத்துவ கஞ்சா சட்டத்துக்குச் சுமார் 56 விழுக்காடு ஆதரவு கொடுத்தார்கள், நாட்டிலேயே முதல் மாநிலம், எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டம் நோயாளியையும் அவரைப் பார்த்துக்கொள்பவரையும் பற்றி மட்டும் பேசியது. நோயாளிக்கு அது கிடைக்க அரசுகள் ஒரு திட்டம் போடட்டும் என்றதோடு சரி, அவர் எங்கே போய் வாங்குவார் என்று சொல்லவில்லை, கடை என்கிற பேச்சே இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை ஊர் ஊராக நகர மன்றங்களின் தலையில் விழுந்தது, ஆளாளுக்கு ஒரு மாதிரி நிரப்பினார்கள். 2013 மே மாதம், ரிவர்சைடு நகரத்தின் வழக்கில், நகரங்கள் டிஸ்பென்சரிகளை முழுசாகவே தடை செய்யலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதனால் இன்றைக்கும் மாநிலத்தின் நகரங்களிலும் கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) பாதிக்கு மேல் சில்லறைக் கடைக்கு அனுமதி இல்லை. எங்கள் கவுண்டியில் கடை என்றால் பல வருஷமாக சான் ஹோசேதான்.

சான் ஹோசே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை கொஞ்சம் கூத்து. 2009 வாக்கில் கடைகள் திறக்க ஆரம்பித்து, அடுத்த வருஷமே நூறைத் தொட்டன. நகரின் கட்டடப் பயன்பாட்டு விதிகளில் இப்படி ஒரு கடைக்கு எந்த மண்டலத்திலும் இடமே கிடையாது. ஆனால் 2010 நவம்பரில் 'மெஷர் யூ' என்று வாக்கெடுப்பு வைத்து, மொத்த விற்பனையில் 10 விழுக்காடு வரை வரி வாங்க ஒப்புதல் பெற்று, 2011-இல் 7 விழுக்காட்டில் வசூலைத் தொடங்கி, 2013-இல் பத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அதாவது, நீ இங்கே இருக்கவே கூடாது, இருந்தாலும் வரியைக் கட்டிவிட்டுப் போ. நடுவில் 2011 செப்டம்பரில் பத்துக் கடைதான் என்று ஒரு விதி போட்டார்கள். கடைக்காரர்கள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி அதை எதிர்த்துப் பொது வாக்கெடுப்பு கேட்டதும், 2012-இல் நகர மன்றமே அதைத் திரும்பப் பெற்றது. கடைசியில் 2014-இல் வந்த விதிதான் நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடி தள்ளி, பெரும்பாலும் தொழில் மண்டலங்களில், காவல்துறைக்குக் கீழே இதற்கென்றே ஒரு பிரிவு வைத்து, பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். அந்தச் சல்லடையில் தங்கியவை 16 கடைகள். மற்றவை மூடின, அல்லது மூட வைக்கப்பட்டன. பத்து லட்சம் பேர் வாழ்கிற நகரத்துக்குப் பல வருஷம் இந்தப் பதினாறுதான்.

நாங்கள் போனதும் அந்தப் பதினாறில் ஒன்று. கார் பட்டறைகள், டைல்ஸ் கிடங்கு, லாரி நிறுத்துமிடம், நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு சாம்பல் நிறக் கட்டடம். பலகை சின்னது, மெதுவாக ஓட்டினால்தான் கண்ணில் படும். நடைபாதை பாதியிலேயே நின்றுவிடுகிறது. பேருந்து நிறுத்தம் ரொம்பத் தள்ளி. கார் இல்லாத நோயாளி, சக்கர நாற்காலியில் வருகிற நோயாளி, மயக்கத்தோடு வருகிற நோயாளி, இவர்களை எல்லாம் மனதில் வைத்து இந்த இடத்தை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்கணும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை, எனக்கும் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். ஆனால் மாநில விதி 600 அடி என்று நிற்கிறது, இவர்கள் அதை ஆயிரம் ஆக்கி, அதற்கு மேல் தொழில் மண்டலம் என்ற நிபந்தனையையும் வைத்தால், வரைபடத்தில் மிஞ்சுவது இந்த மாதிரி இடங்கள்தான். அண்மையில்தான், 2023 வாக்கில், வணிகப் பகுதிகளையும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

வடக்கே இருக்கும் ஓக்லண்ட் நகரத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே 2004-லேயே நான்கே நான்கு கடைக்கு உரிமம் கொடுத்து, நகர நிர்வாகியின் அலுவலகமே நேரடியாக மேற்பார்த்தது. ஊரின் நடு மையத்தில், பார்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் சில கடைகள் இருந்தன. 2009 ஜூலையில் கஞ்சாவுக்கென்றே தனி வணிக வரி போட்ட நாட்டின் முதல் நகரம் அதுதான், அதுவும் கடைக்காரர்களே எங்களுக்கு வரி போடுங்கள் என்று ஆதரித்து, வாக்காளர்கள் எண்பது விழுக்காடு ஆமாம் போட்டது. 1,000 டாலர் விற்பனைக்கு 18 டாலர். 2012-இல் மத்திய அரசு வழக்கறிஞர் அங்கே ஹார்பர்சைடு என்ற பெரிய டிஸ்பென்சரியின் கட்டடத்தைப் பறிமுதல் செய்ய வழக்குப் போட்டபோது, ஓக்லண்ட் நகரமே கடைக்கு ஆதரவாக மத்திய அரசின் மீது எதிர்வழக்குப் போட்டது. தன் உள்ளூர்க் கஞ்சாக் கடைக்காக டெல்லியின் மேல் வழக்குப் போடுகிற ஒரு மாநகராட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். 2016-இல் மத்திய அரசு அந்த வழக்கைக் கைவிட்டது. ஓக்லண்டில் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை, 2020-லும் 2021-லும் அங்கே கும்பல் கும்பலாகக் கடைகளை உடைத்துக் கொள்ளையடித்தார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே குறைவாக, தெளிவாக உரிமம் கொடுத்த ஊரில் நோயாளிக்கு அலைச்சல் குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

சரி, கடைக்குள் போவோம். வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். உள்ளே ஒரு சின்ன வரவேற்பறை, அங்கே மறுபடியும் அட்டை, கணினியில் பதிவு, பிறகு பூட்டு திறக்கும் ஓசையோடு இன்னொரு கதவு. மேலே எங்கு பார்த்தாலும் கேமரா. அந்தப் பதிவுகளை 90 நாள் வைத்திருக்கணும் என்பது மாநில விதி. அத்தை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, கார்டு கேக்குறதப் பாத்தா ரேஷன் கடை மாதிரி இருக்கு, கதவப் பாத்தா பேங்க் லாக்கர் மாதிரி இருக்கு, மருந்துக் கடை எங்க?" என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

ஆனால் உள்ளே இருந்த பெண்ணுக்கு முழு மதிப்பெண். இந்தக் கடைகளில் கவுண்டரில் நிற்பவர்களை பட்டெண்டர் என்கிறார்கள். பாதிப் பேர் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள், எது 'கிக்' அதிகம் என்று சொல்லத்தான் பழகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். இந்தப் பெண் முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறீர்களா என்பதுதான். கஞ்சாவில் இருக்கும் இன்னொரு வேதிப்பொருளான சிபிடி, வார்ஃபரின் மாதிரியான மருந்தின் வீரியத்தைக் கூட்டிவிடும், அதனால் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள் என்று அவரே சொன்னார். நான் மருத்துவர் இல்லை, மருத்துவ ஆலோசனை தர எனக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். புகைப்பது, வேப் எல்லாம் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் கம்மி மிட்டாய்களைக் காட்டவே இல்லை. நாக்கடியில் விடும் டிங்ச்சர் சொட்டுகளைக் காட்டினார், ஒரு சொட்டுக்குழாய் அளவில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டரை மில்லிகிராம் டிஎச்சியில் தொடங்குங்கள், வயிற்றுக்குப் போனது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தடவை ஊற்றிவிடாதீர்கள் என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை எந்தக் கடைக்குப் போனாலும் நினைவில் வையுங்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் நிற்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது டோஸால்தான்.

பாட்டிலில் ஒட்டியிருந்த குறியீட்டை ஃபோனில் காட்டினால் ஆய்வகச் சான்றிதழ் வருகிறது. பூச்சிமருந்து, ஈயம் மாதிரியான கன உலோகங்கள், பூஞ்சை, எல்லாம் தொகுதி வாரியாகப் பரிசோதித்தது. இது மாநில விதி, 2018-இல் வந்தது, நான் மனதாரப் பாராட்டுகிற ஒரே விதி. கீமோவில் இருப்பவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரையில் கிடக்கும், பூஞ்சை உள்ள சரக்கு உள்ளே போனால் ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே உரிமம் இல்லாத கடைப் பக்கம் போகாதீர்கள் என்பேன். விலை கண்டிப்பாக அங்கே குறைவுதான், வரி கட்டாத கடையில் எப்படிக் கூடும்.

இப்போது பில். நாற்பது டாலர் பாட்டில். மாநில எக்சைஸ் வரி 15 விழுக்காடு (2025 ஜூலையில் 19-க்கு ஏற்றி, கூச்சல் கிளம்பியதும் அக்டோபரில் திரும்பப் பதினைந்துக்கு இறக்கினார்கள்). நகர வரி 10 விழுக்காடு. அதற்கெல்லாம் மேலே சாதாரண விற்பனை வரி, கிட்டத்தட்ட இன்னொரு பத்து. வரியின் மேல் வரி விழுந்து, நாற்பது ஐம்பத்தைந்தை நெருங்கிவிடுகிறது. அதையும் கிரெடிட் கார்டில் கட்ட முடியாது. மத்தியச் சட்டத்துக்குப் பயந்து பெரிய வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் இந்தத் தொழிலைத் தொடுவதில்லை. மூலையில் ஒரு ஏடிஎம், அதற்குத் தனிக் கட்டணம். கடைக்காரர் பக்கமும் பார்க்கணும். மத்திய வருமான வரிச் சட்டத்தின் 280இ பிரிவால் வாடகை, சம்பளம், காவலாளிச் செலவு எதையும் அவர்கள் வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியவில்லை, அதே ஹார்பர்சைடு இதை எதிர்த்து வரி நீதிமன்றம் போய் 2018-இல் தோற்றது. அந்தச் சுமையும் பாட்டிலின் விலையில்தான் ஏறுகிறது.

மருத்துவக் கார்டு இருந்தால் வரி கிடையாதாமே என்று வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஓடுகிறது. பாதி உண்மை. மாநில அடையாள அட்டை, எம்எம்ஐசி என்பார்கள், அதைக் கவுண்டியின் பொது சுகாதாரத் துறைதான் தருகிறது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், கட்டணம் 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது, மெடிகேல் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குப் பாதி, ஒரு வருஷம் செல்லும். அதைக் காட்டினால் விற்பனை வரி மட்டும்தான் போகும். எக்சைஸும் நகர வரியும் அப்படியே நிற்கும். வெறும் மருத்துவர் கடிதத்தைக் காட்டினால் ஒரு காசும் குறையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து விழுக்காடு மிச்சம் பிடித்து அந்த நூறு டாலரை மீட்க, வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்குச் சரக்கு வாங்கணும். மாதம் எண்பது, தொண்ணூறு டாலருக்குக் குறைவாக வாங்குகிறவருக்குக் கார்டால் லாபம் இல்லை, கடிதத்துக்கு மருத்துவர் வாங்கும் கட்டணம் வேறு இருக்கிறது. எங்களுக்கு ஏறக்குறைய சமமாக வந்தது, இருந்தாலும் எடுத்தோம். ஒன்று, கார்டோ மருத்துவர் கடிதமோ உள்ள நோயாளிகள் 8 அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம், மற்றவர்களுக்கு ஒரு அவுன்ஸ்தான். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு, நோயாளிகளுக்கு மட்டும் விற்கக்கூடிய, பாட்டிலுக்கு 2,000 மில்லிகிராம் வரை டிஎச்சி உள்ள டிங்ச்சர் வாங்கலாம், பொது விற்பனையில் அது ஆயிரத்தோடு நின்றுவிடும். அதிக அளவு தேவைப்படும் வலி நோயாளிக்கு இது பெரிய மிச்சம்.

ஆனால் அந்த 2,000 மில்லிகிராம் பாட்டில் கடையில் இல்லை. கேட்டதற்கு, கார்டோடு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் தயாரிப்பவர்களே விட்டுவிட்டார்கள் என்றார் அந்தப் பெண். எனக்கு உறுத்தியது இதுதான், நான் கடைக்கு ஒரு நட்சத்திரம் குறைத்ததும் இதற்குத்தான். 2016-இல் 'ப்ரொபசிஷன் 64' என்ற மாநில வாக்கெடுப்பு நிறைவேறி, 2018 ஜனவரி 1 முதல் 21 வயதான யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானதும், சான் ஹோசேயின் அந்தப் பதினாறு மருத்துவக் கடைகளுக்கே பொது விற்பனைக்கும் அனுமதி கொடுத்தார்கள். கடையின் பெயர்ப் பலகையில் பழைய பச்சைச் சிலுவை இன்னும் இருக்கிறது, உள்ளே சுவர் முழுக்க வார இறுதிச் சலுகை, மாம்பழ வாசனை வேப், பிரபலங்களின் பெயர் போட்ட பெட்டிகள். நோயாளிக்கென்று மூலையில் ஒரே ஒரு அலமாரி. உட்கார நாற்காலி இரண்டே இரண்டு. இத்தனைக்கும் இந்தக் கடைகள் பிறந்ததே நோயாளிகளால்தான். சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், டென்னிஸ் பெரோன் என்பவர் அவர்களுக்காக நடத்திய கஞ்சா வாங்கும் மன்றத்திலிருந்துதான் 215-ஆம் சட்டமே முளைத்தது. 'பிரவுனி மேரி' என்று பெயரெடுத்த ஒரு வயதான அம்மா பிரவுனி சுட்டு மருத்துவமனை வார்டில் இலவசமாகக் கொடுத்துக் கைதாகி, மறுபடி கொடுத்து, மறுபடி கைதானார். 2018-இல் வந்த வரி விதிகளின்படி ஏழை நோயாளிக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வரி கட்டணும் என்றாகி, அந்தத் தான ஏற்பாடுகள் பலவும் நின்றே போயின. அதைச் சரி செய்ய 2019-இல் இவர்கள் இரண்டு பேரின் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவரவேண்டியிருந்தது. இப்போது உரிமம் உள்ள கடைகள் நோயாளிக்கு வரியில்லாமல் தானம் கொடுக்கலாம். பண நெருக்கடியில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் கவுண்டரில் கேளுங்கள், எல்லாக் கடையும் தருவதில்லை, சிலர் தருகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் நண்பர் ஒருவர், எங்கள் ஊரைப் பார்த்தால் உங்கள் ஊரைக் கோயில் கட்டிக் கும்பிடுவீர்கள் என்றார். உண்மைதான். அங்கே 2007-இல் புதுக் கடைக்குத் தடை என்று அறிவித்துவிட்டு, அந்த அறிவிப்பிலேயே 'கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு' என்று ஒரு ஓட்டையை விட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் விலக்கு கேட்டு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்காமல் கடையைத் திறந்துவிட்டார்கள். 2010-இல் கட்டுப்பாட்டு விதி, உடனே வழக்குகள். 2012 ஜூலையில் மொத்தத் தடை, கையெழுத்து இயக்கம் கிளம்பியதும் அக்டோபரில் அதுவும் வாபஸ். 2013 மேயில் 'ப்ரொபசிஷன் டி' என்று ஒன்று கொண்டுவந்தார்கள் பாருங்கள், அதன்படி அந்த 2007 தடைக்கு முன்பிருந்தே இருந்த சுமார் 135 கடைக்கு உரிமம் கிடையாது, ஆனால் வழக்குப் போட மாட்டோம், இதற்குப் பெயர் வரையறுக்கப்பட்ட விலக்கு. உரிமமே இல்லாத ஊரில் எந்தக் கடை நல்ல கடை, எது கள்ளக் கடை என்று நோயாளி எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? முறையான உரிமத்துக்கு அந்த ஊர் 2017 வாக்கெடுப்பு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த வகையில் சான் ஹோசேயின் பதினாறு கறாரான கடைகள் தேவலாம். அந்த இரண்டரை நட்சத்திரம் அதற்குத்தான்.

நம்மவர்களுக்காக ஒன்றைத் தனியாக எழுதியே ஆகணும், இதைத் தயவுசெய்து மேலோட்டமாகத் தாண்டிவிடாதீர்கள். நீங்கள் எச்-1பி விசாவிலோ, கிரீன் கார்டிலோ, பெற்றோர் விசிட்டர் விசாவிலோ இருந்தால் இந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். மாநிலத்தில் சட்டப்படி என்பது குடியேற்ற அதிகாரிக்குப் பொருட்டே இல்லை, அவர் பார்ப்பது மத்தியச் சட்டம் ஒன்றைத்தான். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சா சம்பந்தப்பட்ட செயல் குடியுரிமைக்கான நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கும் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கைதாகவோ தண்டனை பெறவோ வேண்டியதில்லை, வாயால் ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம். கடையில் வேலை பார்ப்பதும் அதில் சேரும், கணக்கு எழுதிக் கொடுத்தேன் என்றாலும் அப்படித்தான். அத்தை குடியுரிமை வாங்கியவர், நானும் அப்படித்தான், அதனால்தான் போனோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு மூட்டு வலி, ஒரு கம்மி வாங்கிக் கொடுக்கலாமே என்று நினைக்கிறவர்கள், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். அப்புறம், மிச்சமிருக்கும் பாட்டிலைப் பெட்டியில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகிற வேலையே வேண்டாம். விமான நிலையச் சோதனை மத்திய அரசின் கையில், இறங்குகிற இடத்தில் 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டம், சிங்கப்பூர் வழியாகப் போனால் கேட்கவே வேண்டாம்.

மருந்து வேலை செய்ததா என்று கேட்பீர்கள். அத்தைக்குக் குமட்டல் குறைந்தது, ராத்திரி தூக்கம் வந்தது, ரசம் சாதம் இரண்டு கரண்டி உள்ளே போனது. பகலில் எடுத்தால் தலை கிறுகிறுக்கிறது என்று ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொண்டார். இது ஒருத்தருடைய அனுபவம், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு.

சன்னிவேல், கூப்பர்டினோ மாதிரித் தடை உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2022-இல் நிறைவேறிய ஒரு மாநிலச் சட்டத்தால், 2024 ஜனவரி 1 முதல் மருத்துவ நோயாளிக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதை எந்த ஊரும் தடை செய்ய முடியாது. கடைக்குத் தடை போட்ட ஊரிலும் உரிமம் உள்ள கடையின் வண்டி வாசலுக்கு வரலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் வாங்குகிறோம். வருகிறவர் அடையாள அட்டையையும் மருத்துவக் கார்டையும் வாசலில் பார்ப்பார், வாங்கும் நபர் நேரில் இருக்கணும், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றால் போக மாட்டார். வண்டிச் செலவு கொஞ்சம் ஆகிறது, அதனால் இரண்டு பாட்டிலாகச் சேர்த்து வாங்கிவிடுகிறோம். அளவை மாற்றணும், வேறு வகை பார்க்கணும் என்றால் மட்டும் அந்தத் தொழிற்பேட்டைக்குப் போகிறோம், வார நாளில், காலையில். வார இறுதியில் போகாதீர்கள், சலுகைக் கூட்டத்தில் அந்த இரண்டு நாற்காலியும் கிடைக்காது.